சபையை இழந்த அதிபர் மெய்யாகவே சமரசத்தை நாடுகிறாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலம் பாதி கழிந்த நிலையில் இடைக்காலத் தேர்தல் வருகிறது. அதில் அதிபரின் கட்சி ஓர் அவையையோ இரண்டையுமோ பறிகொடுத்துவிட்டால், மறுநாளே அவர் செய்தியாளர்கள் முன் நின்று, மக்களின் தீர்ப்பை ஏற்பதாகவும் எதிர்க்கட்சியோடு சேர்ந்து பணியாற்றத் தயாராக இருப்பதாகவும் சொல்வது வழக்கம். அந்தப் பேச்சு மெய்யா, ஒப்புக்கா என்பதைச் சுற்றியே கீழுள்ள கேள்விகள் அமைகின்றன. ஜனநாயகக் கட்சி அதிபர்களான, 1994-க்குப் பிந்தைய பில் கிளின்டனையும் 2010-க்குப் பிந்தைய பராக் ஒபாமாவையும் நடுவில் வைத்து விடைகள் எழுதப்பட்டுள்ளன. மற்றவர்கள் தேவைப்படும் அளவுக்கு மட்டும் வருகிறார்கள்.

அவையில் பெரும்பான்மை போன பிறகும் அதிபர் எப்படிப் பதவியில் நீடிக்கிறார்?

நாடாளுமன்ற முறைக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். மக்களவையின் நம்பிக்கையை இழந்த இந்தியப் பிரதமர் பதவி விலகியாக வேண்டும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அமெரிக்க அதிபரோ தனித் தேர்தல் வழியே வருகிறவர். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது; செனட்டின் 100 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் அப்போதே நடக்கிறது. அங்கே தோற்றாலும் அதிபரின் நாற்காலி ஆடாது.

ஆனால் கை கட்டப்பட்டுவிடும். சட்டமும் பணமும், இந்த இரு அவைகளும் சேர்ந்த காங்கிரஸ் வழியாகத்தான் வர வேண்டும். காங்கிரஸ் அனுப்பும் மசோதாவை அதிபர் தம் வீட்டோ அதிகாரத்தால் திருப்பி அனுப்பலாம். அதை மீறி நிறைவேற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும், அது அரிதாகவே திரளும். ஆகவே இருவரில் எவரும் தனியாக எதையும் முடிக்க முடியாது. 1946-இல் ஹாரி ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் இழந்தபோது, அவருடைய கட்சியைச் சேர்ந்த செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட்டே ஒரு யோசனை சொன்னார்: குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரை வெளியுறவு அமைச்சராக நியமித்துவிட்டு அதிபர் விலகிக்கொள்ளலாம் என்று. துணை அதிபர் இடம் காலியாக இருந்த காலம் அது. வெளியுறவு அமைச்சரே அடுத்த வரிசையில் இருந்தார். ட்ரூமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தேர்தலுக்கு மறுநாள் பேசப்படும் இணக்கப் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம்?

மிகக் குறைவாகவே நம்பலாம். தோற்றவர் அன்றைக்கு வேறு எதையும் சொல்ல முடியாது. சொல்வதால் அவருக்குச் செலவும் இல்லை. 2006 நவம்பர் 7 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. மறுநாள் அவர் தம் கட்சி நன்றாக அடி வாங்கியதை ஒப்புக்கொண்டதோடு, ஈராக் போரின் முகமாகவே ஆகிவிட்டிருந்த பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்பெல்ட் விலகுகிறார், ராபர்ட் கேட்ஸ் வருகிறார் என்றும் அறிவித்தார். ரம்ஸ்பெல்ட் கடைசிவரை இருப்பார் என்று ஒரு வாரத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தார். போர்க்கொள்கையே மாறப்போகிறது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. ஜேம்ஸ் பேக்கர், லீ ஹாமில்டன் இருவர் தலைமையிலான இருகட்சிக் குழுவும் டிசம்பரில், போரிடும் படைகளை 2008 தொடக்கத்துக்குள் பெருமளவு திரும்பப் பெறும் வழியைக் காட்டியது. 2007 ஜனவரி 10 அன்று தொலைக்காட்சியில் தோன்றிய புஷ், 20,000-க்கும் மேற்பட்ட படையினரைக் கூடுதலாக அனுப்பப்போவதாக அறிவித்தார். ஆள் மாறியதைக் கொள்கை மாறியதாக எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள்.

இதே புஷ் அதே ஆண்டில் குடியேற்றச் சட்டச் சீர்திருத்தத்துக்காக ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியோடு சேர்ந்து நின்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த மசோதாவைச் செனட்டில் வீழ்த்தியதில் பெரும்பங்கு அவருடைய சொந்தக் கட்சியினருடையது.

அப்படியானால் ஒருவர் மெய்யாக நாடுகிறாரா என்பதை எதை வைத்துக் கணிப்பது?

மனத்துக்குள் புகுந்து பார்க்க எவராலும் முடியாது. அதற்கு முயல வேண்டிய தேவையும் இல்லை. இதை எழுதுபவரின் கணிப்பு எளியது: அந்த அதிபர் தம் கட்சிக்காரர்களிடம் எவ்வளவு வசவு வாங்கினார் என்று பாருங்கள். எதிரியைத் திருப்திப்படுத்தக் கொடுக்கப்படும் எதுவும் சொந்த வீட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எடுத்திருந்தால் வீட்டில் கூச்சல் கேட்டே தீரும். கூச்சலே இல்லாத சமரசத்தில் அதிபர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவதாகக் காலத்தைப் பார்க்க வேண்டும். கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போது முன்வைக்கப்படும் திட்டத்துக்கும், அரசின் கஜானா காலியாகும் இரவில் கையெழுத்தாகும் உடன்பாட்டுக்கும் வேறுபாடு உண்டு. பிந்தையது பெரும்பாலும் வேறு வழியில்லாமல் நடப்பது.

1994-இல் கிளின்டன் இழந்தது எவ்வளவு?

பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 54 இடங்களைக் கூடுதலாகப் பெற்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே பெரும்பான்மை கண்டது. செனட்டும் கைமாறியது. தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு, செப்டம்பர் 27 அன்று, காங்கிரஸ் கட்டடத்தின் படிகளில் கட்சி வேட்பாளர்களை நிறுத்தி ‘அமெரிக்காவுடன் ஒப்பந்தம்’ என்ற வாக்குறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடவைத்த நியூட் கிங்ரிச், சபாநாயகர் ஆனார். கிளின்டனின் பெருந்திட்டமான மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் அதற்கு முன்பே காங்கிரஸில் செத்துவிட்டிருந்தது.

1995 ஏப்ரல் 18 அன்று நடந்த செய்தியாளர் கூட்டத்தில், நாட்டின் விவாதத்தில் உங்கள் குரல் கேட்கிறதா என்ற பொருளில் அவரிடமே கேட்டார்கள். அதிபர் இன்னும் பொருட்படுத்தத் தக்கவர்தான், அரசியலமைப்பே அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது என்று கிளின்டன் பதில் சொன்னார். தாம் இருப்பதை ஓர் அதிபர் தாமே சொல்லிக்கொள்ள நேர்ந்த நாள் அது. அடுத்த நாள் காலை ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடத்தின் முன் குண்டு வெடித்து 168 பேர் மாண்டார்கள். அதன்பின் நாடு தேறுதலுக்கு அவரைத்தான் பார்த்தது.

கிளின்டன் முதலில் விட்டுக்கொடுத்தது எப்போது?

1995 ஜூன் 13 அன்று. அன்றிரவு தொலைக்காட்சியில், பத்தாண்டுகளில் வரவும் செலவும் சமமாகும் பட்ஜெட் திட்டத்தை அவர் அறிவித்தார். பட்ஜெட்டைச் சமன்செய்வது எதிர்க்கட்சியின் முழக்கம். அவர்கள் ஏழாண்டு என்றார்கள், கிளின்டன் பத்தாண்டு என்றார். குறிக்கோளை ஏற்றுக்கொண்டு வேகத்தில் மட்டும் வேறுபட்டார். ஆலோசகர் டிக் மோரிஸ் இதைத்தான் முக்கோண உத்தி என்று அழைத்தார்: இரு கட்சிகளும் நிற்கும் கோட்டில் நடுவே நிற்காமல், இரண்டுக்கும் மேலே மூன்றாவது புள்ளியில் நிற்பது.

காங்கிரஸில் இருந்த ஜனநாயகக் கட்சியினர் கொதித்தார்கள். முதியோர் மருத்துவக் காப்பீட்டை வெட்டுகிறார்கள் என்று குடியரசுக் கட்சியை அவர்கள் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சொந்த அதிபரே அதே காப்பீட்டின் செலவு வளர்ச்சியைக் குறைக்கும் திட்டத்தோடு வந்து நின்றார். அதிபரின் நிலைப்பாடு பிடிக்கவில்லையென்றால் சில வாரம் பொறுத்திருந்தால் போதும் என்று டேவிட் ஓபி என்ற அக்கட்சி உறுப்பினர் கிண்டலடித்தார். மேலே சொன்ன அளவுகோலின்படி இது மெய்யான நகர்வே. கெடு எதுவும் கழுத்தை நெரிக்காத நேரத்திலும் நடந்தது.

விட்டுக்கொடுத்தவர் என்றால் அதே ஆண்டு இறுதியில் அரசு ஏன் முடங்கியது?

ஒரு பொருளில் இணங்கியவர் எல்லாப் பொருளிலும் இணங்குவார் என்று கிங்ரிச் கணக்குப் போட்டார். அவருடைய கட்சியின் பட்ஜெட், முதியோர் மருத்துவக் காப்பீட்டின் செலவு வளர்ச்சியை ஏழாண்டில் 270 பில்லியன் டாலர் குறைத்து, 245 பில்லியன் டாலர் வரிச்சலுகை வழங்கியது. கிளின்டன் கையெழுத்திட மறுத்தார். செலவுக்கு அனுமதி கிடைக்காமல் நவம்பர் 14 முதல் 19 வரை ஒருமுறையும், டிசம்பர் 16 முதல் 1996 ஜனவரி 6 வரை 21 நாட்கள் மறுமுறையும் அரசு அலுவலகங்கள் முடங்கின. முதல் முடக்கத்தில் ஏறத்தாழ 8 லட்சம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தேசியப் பூங்காக்களும் அருங்காட்சியகங்களும் பூட்டப்பட்டன.

டிசம்பர் 6 அன்று அந்தப் பட்ஜெட் மசோதாவுக்கு வீட்டோ போட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு முன் முதியோர் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட லிண்டன் ஜான்சன் பயன்படுத்திய பேனாவை வரவழைத்துப் பயன்படுத்தினார் கிளின்டன். இது நாடகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கே கோடு போடப்பட்டிருக்கிறது என்பதை எதிர்த்தரப்புக்கும் சொந்தத் தரப்புக்கும் ஒரே நேரத்தில் காட்டிய நாடகம். முடக்கம் முடிந்த ஜனவரி 6 அன்று, காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகக் கணக்கின்படியே ஏழாண்டில் சமனாகும் திட்டம் ஒன்றையும் அவர் கையளித்தார் என்பதை அவருடைய எதிரிகள் சொல்ல மறந்துவிடுகிறார்கள், அவருடைய ரசிகர்களும்தான்.

விமானத்தின் பின்கதவு வழியே இறக்கியதால்தான் அரசு முடங்கியது என்ற கதை உண்மையா?

கதையைச் சொன்னவர் கிங்ரிச்சே. 1995 நவம்பரில் கொல்லப்பட்ட இஸ்ரேல் பிரதமர் ரபீனின் இறுதிச் சடங்குக்காக அதிபரின் விமானத்தில் கிளின்டன், கிங்ரிச், செனட் பெரும்பான்மைத் தலைவர் பாப் டோல் எல்லோரும் ஒன்றாகப் போய்த் திரும்பினார்கள். முடக்கம் தொடங்கிய மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது செய்தியாளர்களிடம் பேசிய கிங்ரிச், அத்தனை மணி நேரப் பயணத்தில் அதிபர் பட்ஜெட்டைப் பற்றித் தம்மோடு பேச வரவே இல்லை, இறங்கும்போது பின்படி வழியாக அனுப்பினார்கள், நான் அனுப்பிய மசோதா கடுமையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னார். அதற்கடுத்த நாள் நியூயார்க் நாளேடு ஒன்று முதல் பக்கத்தில் அவரை இடுப்புத்துணி கட்டிய அழுகுணிக் குழந்தையாக வரைந்து போட்டது. அவர்கள் விமானத்தில் பேசிக்கொண்டிருக்கும் புகைப்படத்தை வெள்ளை மாளிகை வெளியிட்டது.

முடக்கத்துக்குக் காரணம் பட்ஜெட்தான், படிக்கட்டு அல்ல. ஆனாலும் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிட்ட அந்தப் புகாரில் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. இணக்கம் வேண்டும் என்று மேடைதோறும் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, எதிர்த்தரப்புத் தலைவர்கள் இருவரும் எழுந்து போக வழியில்லாமல் ஒரே கூண்டில் கிடைத்திருக்கிறார்கள். புகார் சொன்னவரின் வார்த்தையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த மணி நேரங்களிலிருந்து பட்ஜெட் உடன்பாடு எதுவும் இறங்கி வரவில்லை.

1996-ஆம் ஆண்டின் நலஉதவிச் சட்டம் சமரசமா, சரணாகதியா?

இதற்குத்தான் மிக அதிகமான வசவு விழுந்தது. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பண உதவியை உரிமையாக்கிய திட்டம் 1935 முதல் நடந்துவந்தது. அதை நீக்கி, மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மொத்தத் தொகையாகக் கொடுத்துவிடுவது, உதவி பெறுவோர் வேலைக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை வைப்பது, வாழ்நாளில் ஐந்தாண்டுக்கு மேல் மத்திய நிதியிலிருந்து உதவி கிடையாது என்பது ஆகியவை குடியரசுக் கட்சியின் மசோதாவில் இருந்தன. நடப்பிலிருக்கும் நலஉதவி முறைக்கு முடிவுகட்டுவேன் என்று 1992 பிரச்சாரத்தில் கிளின்டனும் வாக்குக் கொடுத்திருந்தார். இருந்தும் இருமுறை வீட்டோ போட்டார். ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தையும் அதே மசோதாவில் பிணைத்திருந்த குடியரசுக் கட்சியினர், 1996 ஜூலையில் அந்தப் பிணைப்பை அவிழ்த்தார்கள். இது அவர்கள் பக்கத்து விட்டுக்கொடுப்பு. தேர்தலுக்குப் போகும்போது காட்ட அவர்களுக்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

ஜூலை 31 காலையில் அமைச்சரவை அறையில் கிளின்டன் ஆலோசகர்களைக் கூட்டி ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டார். பெரும்பாலோர் கையெழுத்திட வேண்டாம் என்றார்கள். அன்றே அவர் கையெழுத்திடப்போவதாக அறிவித்தார். சில மணி நேரத்தில் பிரதிநிதிகள் சபை 328-க்கு 101 என்ற கணக்கில் மசோதாவை நிறைவேற்றியது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் 98 பேர் ஆதரித்தார்கள், 98 பேர் எதிர்த்தார்கள். கட்சி நேர்பாதியாகப் பிளந்ததற்கு இதைவிடத் தெளிவான எண் கிடைக்காது. ஆகஸ்ட் 22 அன்று அது சட்டமானது. அதிபரின் நெடுநாள் நண்பரும் நலத்துறை உயரதிகாரியுமான பீட்டர் எடல்மன் பதவியைத் துறந்து வெளியேறினார்.

சரணாகதி என்பவர்களுக்கு ஆதாரம் உண்டு: சட்டப்படி குடியேறியவர்களுக்கான உதவிகளை வெட்டிய பிரிவுகள் தவறு என்று சொல்லிக்கொண்டேதான் கிளின்டன் கையெழுத்திட்டார். அவற்றில் ஒரு பகுதியை 1997 பட்ஜெட் உடன்பாட்டில் மீட்டார் என்பதும் உண்மை. சமரசமும் சரணாகதியும் ஒரே தாளில் இருந்தன என்பதே இதை எழுதுபவரின் முடிவு. அந்தத் தாளால் நஷ்டப்பட்டவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

தேர்தல் கணக்கோடு செய்த சமரசத்தை மெய்யானது என்று எப்படிச் சொல்வது?

கணக்கும் மெய்யும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தில்தான் இந்தக் கேள்வி பிறக்கிறது. 1996 ஆகஸ்டில் மட்டும் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து இரண்டு படிகளில் 5.15 டாலராக்கும் சட்டம், வேலை மாறினாலும் மருத்துவக் காப்பீடு அறுந்துபோகாமல் காக்கும் சட்டம், குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், நலஉதவிச் சட்டம் ஆகிய நான்கும் கையெழுத்தாயின. அதிபருக்கும் தேர்தல், எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் தேர்தல். இருவருமே வெறுங்கையோடு ஊருக்குப் போக விரும்பவில்லை. நவம்பரில் கிளின்டனும் வென்றார், குடியரசுக் கட்சியும் காங்கிரஸைத் தக்கவைத்துக்கொண்டது. வெறும் கணக்கு மட்டுமே என்றால் தேர்தலோடு முடிந்திருக்க வேண்டும். 1997 ஆகஸ்டில் பட்ஜெட்டைச் சமன்செய்யும் சட்டமும், அதனோடு ஏழைக் குழந்தைகளுக்கான புதிய மருத்துவக் காப்பீடும் வந்தன. 1998 நிதியாண்டில், 1969-க்குப் பிறகு முதல்முறையாக, அரசின் கணக்கு உபரியில் முடிந்தது. பொருளாதார வளர்ச்சியும் 1993-இல் உயர்த்திய வரிகளும் அதற்குக் கைகொடுத்தன.

அதே 1998 டிசம்பரில் அதே சபை கிளின்டன் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. உடன்பாடு நட்பை உண்டாக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒபாமா ஏன் கிளின்டனைப் போல வெற்றிபெறவில்லை? அவருக்கு விருப்பம் குறைவா?

விருப்பம் குறைவு என்று சொல்வதற்கில்லை. ஒருவகையில் அவருக்குத்தான் கூடுதல். 2010 நவம்பர் 2 அன்று அவருடைய கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. தம்மை நையப் புடைத்துவிட்டார்கள் என்ற பொருளில் மறுநாள் அவரே சொன்னார். அடுத்த மாதமே, செல்வந்தர்களுக்கும் சேர்த்து புஷ் காலத்து வரிச்சலுகைகளை இரண்டாண்டு நீட்டிக்க ஒப்புக்கொண்டு, வேலையற்றோர் உதவியை 13 மாதம் நீட்டிப்பதையும் ஊதிய வரியில் இரண்டு சதவீதக் குறைப்பையும் வாங்கிக்கொண்டார். செல்வந்தர்களின் சலுகையை முடிப்பேன் என்பது அவர் 2008-இல் ஊர் ஊராகச் சொன்ன வாக்கு.

டிசம்பர் 10 அன்று வாஷிங்டனில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கேள்விகளின் முழுப் படமும் கிடைத்துவிடும். செனட்டில் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து இயங்கிய பெர்னி சாண்டர்ஸ் இந்த உடன்பாட்டை எதிர்த்து எட்டரை மணி நேரம் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார். அதே மாலையில் ஒபாமா, தம்மைப் பார்க்க வந்திருந்த கிளின்டனை முன்னறிவிப்பின்றிச் செய்தியாளர் அறைக்கு அழைத்துவந்தார். உடன்பாட்டை ஆதரித்துக் கிளின்டன் பேசத் தொடங்கியதும், விருந்துக்கு மனைவி காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு ஒபாமா கிளம்பிவிட்டார். பதவியைவிட்டுப் போய்ப் பத்தாண்டு ஆகப்போகும் முன்னாள் அதிபர், வெள்ளை மாளிகை மேடையில் தனியாக நின்று, கேள்விகளுக்கு ஆற அமரப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சமரசத்தைச் சொந்தக் கட்சிக்கு விற்பது எப்படி என்று அறிந்தவர் அவர்தான் என்பதைப் பதவியில் இருப்பவரே ஒப்புக்கொண்டது போன்ற காட்சி.

2011-இல் நடந்தது வேறு. ஜூன் 18 அன்று ஒபாமாவும் சபாநாயகர் ஜான் பெய்னரும் ஒரே அணியாகக் கோல்ஃப் ஆடி, கடைசிக் குழியில் வென்று ஆளுக்கு இரண்டு டாலர் பந்தயம் பெற்றார்கள். பிறகு, அரசு வாங்கக்கூடிய கடனுக்கான உச்சவரம்பை உயர்த்த வேண்டிய கெடு நெருங்க, இருவரும் பெருவுடன்பாடு ஒன்றைப் பேசினார்கள். முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான வயதை 65-இலிருந்து படிப்படியாக 67 ஆக்கவும், ஓய்வூதிய உயர்வைக் கணக்கிடும் முறையைச் சுருக்கவும் ஒபாமா இசைந்தார். ஜனநாயகக் கட்சியில் இவை தெய்வச் சிலையில் கைவைப்பதற்குச் சமம். பெய்னர் பத்தாண்டில் 800 பில்லியன் டாலர் கூடுதல் வருவாய்க்கு வழிகாட்டினார். செனட்டர்கள் குழு ஒன்று அதைவிட அதிக வருவாயோடு தனித் திட்டம் வெளியிட்டதும், ஒபாமா தரப்பு இன்னும் 400 பில்லியன் கேட்டது. ஜூலை 22 அன்று பெய்னர் விலகினார். கடைசி நேரத்தில் கோல் கம்பத்தை நகர்த்தினார்கள் என்று ஒரு தரப்பும், ஒப்புக்கொண்டதைத் தம் கட்சியினரிடம் நிறைவேற்ற பெய்னருக்கு வலு இல்லை என்று மறுதரப்பும் இன்றளவும் சொல்கின்றன. இரண்டிலும் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது. ஆகஸ்ட் 2 அன்று செலவுக் குறைப்புச் சட்டம் ஒன்றோடு கெடு தப்பியது. மூன்று நாட்களில் தரமதிப்பீட்டு நிறுவனமான ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நாட்டின் கடன் தரத்தை முதன்முறையாகக் குறைத்தது.

எதிர்த்தரப்பு மெய்யாக இருந்ததா என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

கேட்க வேண்டிய கேள்வி. ஒபாமாவை ஒரே பதவிக்காலத்தோடு அனுப்புவதே முதன்மையான குறிக்கோள் என்று செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் 2010-இல் பேட்டியளித்தார். அதே பேட்டியில், கிளின்டனைப் போல ஒபாமாவும் குட்டிக்கரணம் அடித்துப் பாதி வழி வந்தால் அவரோடு சேர்ந்து பணியாற்றுவதில் தவறில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்தப் பாதி மட்டும் மேற்கோள்களில் உதிர்ந்துவிட்டது.

பெய்னரின் பேட்டி இன்னும் சுவையானது. 2010 டிசம்பரில் தொலைக்காட்சிச் செய்தியாளர் சமரசம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்கப் பலமுறை முயன்றார். பெய்னர் பொதுத்தளம் காண்போம் என்றாரே தவிர, சமரசம் என்ற சொல்லை ஏற்க மாட்டேன் என்று நேராகவே சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் மக்கள் நம்மை விற்கப்போகிறார்கள் என்று பயப்படுவார்களாம். தமிழில் நமக்கும் இணக்கம், உடன்பாடு என்றால் காதுக்கு இனிக்கிறது. ‘சமரசமாகிவிட்டார்’ என்றால் பல்லிளித்துவிட்டார் என்ற தொனி வந்துவிடுகிறது.

ட்ரம்ப் 2018-க்குப் பிறகு எப்படி நடந்துகொண்டார்?

பிரதிநிதிகள் சபையை இழந்த சில வாரங்களில், எல்லைப் பாதுகாப்புக்காக அரசை முடக்கினால் பெருமைப்படுவேன் என்று கேமராக்கள் முன் ஜனநாயகக் கட்சித் தலைவர்களான நான்சி பெலோசியிடமும் சக் ஷூமரிடமும் சொன்னார். 35 நாள் முடக்கம் வந்தது. மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்ப அவர் கேட்ட பணம் வரவில்லை. 2019 மே மாதம் உள்கட்டமைப்புப் பேச்சிலிருந்து, தம்மீதான விசாரணைகளை நிறுத்தும்வரை பேச முடியாது என்று சில நிமிடங்களில் எழுந்து போனார். ஆயினும் மெக்சிகோ, கனடா வர்த்தக உடன்படிக்கை பெலோசி தரப்பு கேட்ட தொழிலாளர் பிரிவுத் திருத்தங்களோடுதான் சட்டமானது. இணக்கம் பேசாமலே இணங்கியவர் என்று இவரைச் சொல்லலாம்.

ஒரே அதிபர் ஒரு விவகாரத்தில் மெய்யாகவும் இன்னொன்றில் ஒப்புக்காகவும் இருக்க முடியுமா?

ட்ரூமனே சான்று. போரில் நலிந்த ஐரோப்பாவுக்கு உதவும் திட்டத்தைத் தம் பெயரால் அழைக்க அவர் மறுத்தார். ட்ரூமன் என்ற பெயரோடு போனால் எதிர்க்கட்சிக் காங்கிரஸில் துடித்துச் சாகும் என்று கருதி, வெளியுறவு அமைச்சர் மார்ஷலின் பெயரை முன்னிறுத்தினார். செனட் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் ஆர்தர் வாண்டன்பர்க் சொன்னதற்கிணங்க, திட்டத்தைத் தனி அமைப்பிடம் ஒப்படைத்து, குடியரசுக் கட்சிக்காரரான தொழிலதிபர் பால் ஹாஃப்மனைத் தலைவராக்கினார். ஏறத்தாழ 13 பில்லியன் டாலர் போன வழி அது.

அதே 1948-இல், உள்நாட்டு விவகாரங்களில், ஒன்றும் செய்யாத காங்கிரஸ் என்று அதே சபையைத் திட்டியபடி ரயிலில் நாடு சுற்றினார். ஜூலையில் சிறப்புக் கூட்டத்தொடருக்கு அழைத்து, உங்கள் கட்சியின் தேர்தல் அறிக்கையில் உள்ளதையே நிறைவேற்றுங்கள் பார்க்கலாம் என்றார். அது சமரச அழைப்பின் வேடம் போட்ட பொறி. அவர்கள் பெரிதாக எதையும் நிறைவேற்றவில்லை, ட்ரூமன் வென்றார்.

பிற நாடுகளில் இப்படி நடந்ததுண்டா?

அதிபரும் பிரதமரும் வெவ்வேறு கட்சியினராக அமையக்கூடிய நாடுகளில் நடந்திருக்கிறது. பிரான்சில் 1986-இல் நாடாளுமன்றத்தை இழந்த மித்தரான், வலதுசாரித் தலைவர் சிராக்கைப் பிரதமராக்கினார். ஜூலை 14 அன்று தனியார்மய ஆணைகளில் கையெழுத்திட மறுத்து நாடாளுமன்றத்துக்கே திருப்பிவிட்டார். 1988-இல் சிராக்கையே தோற்கடித்து மீண்டும் அதிபரானார்.

இலங்கையில் நடந்தது தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. 2001 டிசம்பர் தேர்தலில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் கட்சி தோற்று, ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். 2002 பிப்ரவரி 22 அன்று விடுதலைப் புலிகளோடு கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையில் தம்மைக் கலந்து பேசவில்லை என்பது ஜனாதிபதியின் மனக்குறை. புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான முன்மொழிவை வெளியிட்ட சில நாட்களில், 2003 நவம்பர் 4 அன்று, ரணில் வாஷிங்டனில் இருந்த நேரத்தில், பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் சந்திரிகா தம் கையில் எடுத்தார். எடுத்த பிறகு எல்லோரும் சேர்ந்த தேசிய ஆட்சிக்கு அழைத்தார். பிப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். எடுத்துக்கொண்ட பிறகு நீட்டப்படும் கையைப் பற்ற ரணில் முன்வராததில் வியப்பில்லை. அந்த இழுபறியின் நடுவே இடைநின்றது அமைதிப் பேச்சுக்கான நார்வேயின் அனுசரணைப் பணி.

தோற்ற அதிபரோடு உடன்பாட்டுக்கு வரும் எதிர்க்கட்சித் தலைவருக்கு என்ன ஆகிறது?

பெரும்பாலும் விலையைக் கொடுப்பவர் அவரே. 2015 செப்டம்பரில் பெய்னர் பதவி விலகுவதாக அறிவித்தார். விலகப்போகிறோம் என்று ஆன பிறகுதான், அக்டோபரில், ஒபாமாவோடு இரண்டாண்டு பட்ஜெட் உடன்பாட்டை அவரால் சபையில் நிறைவேற்ற முடிந்தது. அடுத்து வருபவருக்கு அழுக்கான தொழுவத்தை விட்டுப்போக விரும்பவில்லை என்றார். அவருடைய கட்சியில் அதை ஆதரித்தவர்கள் 79 பேர்.

2022-இல் பிரதிநிதிகள் சபையை இழந்த ஜோ பைடன், கடன் உச்சவரம்பைப் பற்றிப் பேரம் பேசுவதற்கே இல்லை என்று மாதக்கணக்கில் சொல்லிவிட்டு, 2023 மே இறுதியில் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியோடு உடன்பாட்டுக்கு வந்தார். செலவுக்கு வரம்பு, உணவு உதவி பெறுவோருக்குக் கூடுதல் வேலை நிபந்தனை ஆகியவற்றை ஏற்றுக்கொண்டார். 314-க்கு 117 என்று நிறைவேறிய அந்த மசோதாவை ஆதரித்தவர்களில் 165 பேர் ஜனநாயகக் கட்சியினர், 149 பேர் குடியரசுக் கட்சியினர். அக்டோபர் 3 அன்று, மெக்கார்த்தியின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் கொண்டுவந்து, அக்கட்சியின் எட்டுப் பேர் ஆதரித்த தீர்மானத்தால், 216-க்கு 210 என்ற கணக்கில் அவர் நீக்கப்பட்டார். சபாநாயகர் ஒருவர் இப்படி நீக்கப்பட்டது அதுவே முதல்முறை. நான்கு மாதங்களுக்கு முன் அவருடைய உடன்பாட்டைக் கரைசேர்த்த ஜனநாயகக் கட்சியினரில் ஒருவர்கூட அன்று அவருக்காக வாக்களிக்கவில்லை.